எட்டுப் பக்க மூடி

நம்முடைய வயதில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பிள்ளைக்கு ஏதாவது நடந்து, அது தேறி, திரும்பவும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் நாம் மட்டும் தேறுவதில்லை. போன மாதம் என் சின்ன மகள் மாடிப்படியின் திருப்பத்திலிருந்து கீழே விழுந்தாள். அந்தத் திருப்பத்துக்கு நாங்கள் இன்னும் கைபிடி போட்டிருக்கவில்லை. நெற்றியில் தையல் போட்டார்கள். இப்போது அவள் அந்தத் தழும்பைக் கூட்டாளிகளுக்குக் காட்டிப் பெருமையடிக்கிறாள். எனக்கோ படியில் யாராவது வேகமாக இறங்கும் சத்தம் கேட்டாலே கையில் இருப்பது நழுவுகிறது.

கைபிடியைத் தானே செய்வதாகக் கணவர் சொல்லிவிட்டார். எங்கள் படி நேர்மூலையில் திரும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து போகிறது. வளைகிற ஒவ்வொரு இடத்திலும் மரத்தைச் சரிவாக வெட்டி, அடுத்த துண்டோடு பொருத்த வேண்டும். யாரோ ஒரு வெள்ளைக்காரர் வெட்டிக் காட்டும் வீடியோவைக் கைத்தொலைபேசியில் பார்ப்பதும், வெட்டுவதும், வெட்டியதைப் படியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவதும்தான் அவரது சனிக்கிழமை.

"இஞ்சேருங்கோ, ஒரு பலகையைக் குறுக்கால வச்சு ஆணி அடிச்சு விடுங்கோ. வடிவைப் பிறகு பாப்பம்."

"ஆணி அடிச்சால் சுவர் பழுதாப் போகும். கொஞ்சம் பொறும். கோணம் மட்டும் சரிவந்துட்டுதெண்டால்..."

"கோணம் எண்ட சொல்லை இந்த வீட்டில எடுக்காதேங்கோ!"

நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு யன்னல் திறந்தது. கணவர் மரம் அறுக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர்மேல் பிழை இல்லை. என் சின்ன வயதில் எங்கள் வீட்டிலிருந்த அந்தக் கிணற்றைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. பெட்சீட்டைக் கயிறாக முறுக்கிப் படித்திருப்பத்தில் குறுக்கே கட்டிவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் சரிவில் ஒரு பழைய வீட்டில் இருந்தோம். முன்பக்கம் நின்றால் மரங்களுக்கு நடுவே உள்துறைமுகத்தின் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். கப்பல் ஊதினால் குசினியில் தொங்கும் கரண்டிகள் அதிரும். பின்பக்கத்தில் கிணறு. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டு. ஏனென்று தெரியாது, அதன் சுவரை வட்டமாகக் கட்டாமல் எட்டுப் பக்கமாகக் கட்டியிருந்தார்கள். சுவர் என் இடுப்பளவுதான். கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளம், ஓரத்தில் துவைக்கும் கல், அதற்கப்பால் எலுமிச்சை காய்க்கும் தேசிமரம். வெயில் ஏறினால் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து தளத்தில் தேங்கிய தண்ணீரை நக்கிவிட்டுப் போகும். அவற்றின் குளம்படி ஈரச் சீமெந்தில் சின்னச் சின்னதாகக் கிடக்கும்.

அப்பா துறைமுகப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். தச்சுவேலை அவருக்குத் தொழில் அல்ல, ஆசை. வீட்டின் பக்கவாட்டில் தகரப் பத்தி ஒன்றை இறக்கி, வாள், சீவுளி, உளி எல்லாவற்றையும் அளவு வாரியாகத் தொங்கவிட்டிருந்தார். எங்கள் கதிரைகள், அலுமாரி, நான் படிக்கும் மேசை எல்லாம் அவர் செய்தவை. விருந்தாளி வந்தால் முதலில் அலுமாரியின் கதவைத் திறந்து மூடிக் காட்டுவார். அது சத்தமில்லாமல் மூடும். அந்தச் சத்தமின்மைக்கு விருந்தாளி ஏதாவது சொல்லும்வரை தேத்தண்ணி வராது.

அந்த வருடம் கச்சான் என்கிற வறட்டு மேல்காற்றுத் தொடங்கும் நேரத்தில் சித்தி எங்களோடு வந்து இருந்தார். அம்மாவின் தங்கை. சித்தப்பா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்தார். சித்தியோடு அவரது மகனும் வந்தான். வீட்டில் எல்லாரும் அவனைச் சின்னவன் என்போம். மூன்று வயது. சித்திக்குப் பிள்ளையே இல்லை என்று ஊர் முடிவுகட்டிய பிறகு பிறந்தவன். அவன் தும்மினால் சித்தி எழுந்து நிற்பார்.

சின்னவனுக்குக் கிணறு என்றால் உயிர். சுவர் அவனுடைய வாய்க்குக் கீழே, நாடி வரைக்கும் வரும். கையில் கிடைப்பதைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, தலையைச் சரித்துக் காத்திருப்பான். கச்சானுக்குத் தண்ணீர் கீழே போய்விடும். ஆதலால் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். 'டொப்'. உடனே கைதட்டுவான். அப்படிப் போனவை கொஞ்சமா? சவர்க்காரப் பெட்டி, அகப்பை, என்னுடைய ஒற்றைச் செருப்பு, அப்பா காதில் செருகும் சிவப்புப் பென்சில், சித்தியின் சீப்பு. "என்ன போட்டனி?" என்று கேட்டால் "மீனுக்கு" என்பான்.

ஒருநாள் அவன் வாளியைத் தளத்தில் இழுத்து வந்து, கிணற்றடியில் கவிழ்த்து வைத்து, அதில் ஏறப் பார்த்தான். அம்மா கண்டு தூக்கிவிட்டார். அன்றிலிருந்து சித்தி துணி தோய்க்கும்போது தன் பழைய சேலைத் துண்டை அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தேசிமரத்தில் முடிந்துவிடுவார். அவனும் அந்த நீளத்துக்குள் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருப்பான். அழுதது கிடையாது.

அப்பா அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார்.

"என்ன இது? ஆட்டுக்குட்டியோ? பிள்ளையைக் கட்டி வைக்கிறதோ? சனம் பாத்தால் என்ன சொல்லும்?"

"அத்தான், கிணறு திறந்து கிடக்கு. நான் உடுப்புத் தோய்க்கேக்க ரெண்டு கண்ணையும் அவனிலயே வச்சிருக்க ஏலுமே?"

"முதல்ல அவிட்டு விடு. நான் மூடி செய்து போடுறன். ஒரு எறும்பும் இறங்காது."

சித்தி அவிழ்த்தார். அப்பா சொன்னால் அவிழ்க்கத்தானே வேண்டும். அது அப்பாவின் வீடு.

அம்மா அன்று பின்னேரமே பழைய கூரைத்தகரம் ஒன்றை இழுத்து வந்து கிணற்றுக்கு மேல் போட்டு, இரண்டு கல்லை வைத்தார். அப்பா அதையும் எடுத்துவிட்டார். அதற்கு அவர் சொன்ன நியாயம் இன்றைக்கும் பிழையில்லை. "பிள்ளை தகரத்தில ஏறினால் தகரம் மடிஞ்சு அவனோட சேந்து உள்ள போகும். பாதுகாப்பு எண்டு நம்பி இருக்கிறதுதான் ஆபத்து." இதைச் சொன்னவர் அடுத்த பல கிழமைகள் கிணற்றைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பத்திக்குள் கோணம் அளந்துகொண்டிருந்தார்.

மரம் வாங்கப் போனபோது என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். மரக்காலை முதலாளி கிண்ணியாக்காரர். அப்பா அவரை நானா என்பார். முதிரை மரத்துண்டு ஒன்றை அப்பா மணந்து பார்த்தார்.

"நானா, இது ஈரம் போல கிடக்கே?"

"ஈரமோ? சேர், இது என்ர வாப்பாவை விடக் காஞ்ச மரம்."

"உங்கட வாப்பா எப்பிடி இருக்கிறார்?"

"அவர் காலம்பற கடலில குளிச்சுப்போட்டு வாறவர்," என்று சொல்லிவிட்டு முதலாளி தானே சிரித்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டு வாங்கிவிட்டார். பகிடிக்குள் அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்.

எட்டுப் பக்க வளையத்துக்கு எட்டுத் துண்டு வேண்டும். ஒவ்வொரு துண்டின் இரண்டு நுனியையும் ஒரே சரிவில் வெட்ட வேண்டும். எட்டும் ஒன்றையொன்று தொட்டு, கடைசித் துண்டு முதல் துண்டைச் சந்திக்கும்போது இடைவெளி இருக்கக் கூடாது. அப்பா கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரிவு இருபத்திரண்டரைப் பாகை. நுனியை எந்தப் பாகையில் வெட்டுவது என்பதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. குழப்பம் பாகைமானியில் இருந்தது. அது என்னுடைய கேத்திரகணிதப் பெட்டியிலிருந்து எடுத்த பிளாத்திக்குப் பாகைமானி. அதில் முழுப் பாகைக்குக் கோடு உண்டு, அரைப் பாகைக்கு இல்லை. இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவே அப்பா கண்ணால் ஒரு புள்ளி வைத்தார். பள்ளிக்கூடத்தில் நான் பாகைமானி இல்லாமல் எழும்பி நின்றேன். "அப்பா கிணத்துக்கு எடுத்துட்டார்" என்றதற்கு வகுப்பே சிரித்தது.

மயிரளவு பிழை ஒரு நுனியில் தெரியாது. பதினாறு நுனியிலும் அதே பக்கமாக அதே மயிரளவு பிழை இருந்தால், எல்லாம் சேர்ந்து கடைசி மூட்டில் வந்து நிற்கும். முதல்முறை எட்டாவது துண்டை வைத்தபோது அந்த இடைவெளிக்குள் என் சின்னிவிரல் போனது. அப்பா நுனிகளைத் திரும்பச் சீவினார். இடைவெளி குறைந்தது, வேறொரு மூட்டில் திறந்தது. திரும்பச் சீவினார். சீவச் சீவத் துண்டுகள் கட்டையாகின. ஒருநாள் எட்டும் வடிவாகப் பொருந்தின. ஆசையோடு தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் வைத்தால், வளையம் சுவருக்கு உள்ளே தொங்கப் பார்த்தது.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, மரத்தை வெட்டலாம். கிணறு சுருங்காது."

அப்பா இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை.

இப்போது இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த நாட்களில் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு அது ஒரு விளையாட்டுப் போலத்தான் இருந்தது. வேலைவிட்டு அப்பா வருவார், சேட்டைக் கழற்றுவார், பத்திக்குள் வாள் சத்தம் தொடங்கும். புது முதிரைத் தூள் மஞ்சளாக அவர் முதுகு வியர்வையில் ஒட்டும். வச்சிரப் பசை காய்ச்சும் மணம் வீடெல்லாம் நாறும். சித்தி மூக்கைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு சோறு வடிப்பார். ஒருவருக்கும் அந்தப் பின்னேரங்களில் கிணறு ஞாபகம் இருக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? மூடிதான் ஞாபகத்தில் இருந்தது. "எத்தினை மூட்டு முடிஞ்சுது?" என்றுதான் கேட்டோம். சித்தி மட்டும் வேறு கேள்வி கேட்டார்.

"அத்தான், எப்ப போடுவீங்கள்?"

"கிட்ட வந்துட்டுது பிள்ளை."

"இல்லை, அதுவரைக்கும் நான் அவனை..."

"கட்டப் போறன் எண்டு மட்டும் சொல்லாத."

பிறகு அப்பா ஒரு வழியைக் கண்டுபிடித்தார். எட்டையும் ஒரே தரத்தில் சேர்க்காமல், நான்கை ஒரு பாதியாகவும் நான்கை மறுபாதியாகவும் ஒட்டினார். இரண்டு அரைவளையங்கள். ஒரு நேர்ப்பலகையில் வைத்துப் பார்த்தால் பிழையெல்லாம் அந்த நான்கு வெட்டுமுனைகளில் வந்து தெரிந்தது. முனைகளை மட்டும் நேராகச் சீவி, இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று அழுத்தினார். வெளிச்சம்கூடப் போகவில்லை. எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். ஒவ்வொரு மூட்டிலும் எங்கள் பெருவிரலை வைத்துத் தடவச் சொன்னார். எங்கே ஒரு மரம் முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்குப் பிறகு என் கலியாணத்தில்கூடக் காணவில்லை. சின்னவனும் விரலை வைத்தான். "டொப் போடுவமா?" என்று கேட்டான்.

அடுத்த கிழமை கச்சான் உறைத்து வீசியது. உங்களுக்குத் தெரியும், அந்தக் காற்றுக்கு உதடு வெடிக்கும், கதவு சுருங்கித் தாழ்ப்பாள் விழாது. மரக்காலை முதலாளியின் மரத்திலிருந்த ஈரம் எல்லாம் அந்தக் கிழமையில் வெளியே போயிற்று. ஒருநாள் பகல் பத்திக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்பா வந்து பார்த்தபோது வளையத்தின் வெளிமூலைகள் ஒட்டியபடி இருக்க, உள்பக்கம் ஒவ்வொரு மூட்டும் வாயைத் திறந்திருந்தது. எட்டு வாய்.

"சீவலைப் பசை பூசிச் செருகி விடுங்கோவன்," என்றார் அம்மா. "கிணத்துக்கு மேல கிடக்கப் போற சாமான். ஆர் தடவிப் பாக்கப் போகினம்?"

"நான் பாப்பன்."

"பிள்ளைக்குத்தானே செய்யிறீங்கள்?"

"பிள்ளைக்கெண்டால் ஏனோதானோ எண்டு செய்யலாமோ?"

இந்த வாக்குவாதத்தில் யார் வென்றது என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. முதிரை வளையம் விறகடுக்கில் போய்க் கிடந்தது. அப்பா பழைய படகுத்துறை ஒன்றிலிருந்து கழித்த பாலைமரக் கட்டைகளை ஏலத்தில் எடுத்து வந்தார். கடல்காற்றில் பல காலம் கிடந்து இரும்பாகிப்போன மரம். வாள்ப் பல்லெல்லாம் மழுங்கியது. ஆனால் அது இனிச் சுருங்காது. மறுபடியும் எட்டுத் துண்டு, மறுபடியும் இரண்டு பாதி. வளையத்துக்குள் பலகை நிரப்பி, பலகைகள் பிரியாமல் அடிப்பக்கத்தில் குறுக்குச் சட்டங்களை அடித்தார். கைபிடிக்க இரண்டு இரும்பு வளையம்.

பள்ளிக்கூட விடுதலை முடியப்போகிற நேரம் மூடி கிணற்றில் ஏறியது. அப்பாவோடு வேலைசெய்யும் ஒருவர் வந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கினார். எட்டுப் பக்கமும் சுவரோடு சுவராக உட்கார்ந்தது. சல்லி என்ற ஊரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் அந்த நேரம் வந்திருந்தார். கூடையோடு பின்பக்கம் வந்து பார்த்தார்.

"ஐயா, இது கிணத்து மூடியோ, இல்லாட்டி தோணி கட்டுறதுக்கு அளவு பாக்கிறியளோ?"

"தட்டிப் பாருங்கோ."

மீன்காரர் தட்டிப் பார்த்தார். "யானை படுக்கலாம். யானை படுத்தால் ஆர் எழுப்பிறது?"

எல்லாரும் சிரித்தோம். அடுத்த நாள் காலை அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். மூடி அசையவில்லை. சேலைத்தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு திரும்பத் தூக்கினார்கள். சித்தியின் உள்ளங்கையில் தோல் உரிந்தது. அன்று அடுத்த வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து சமைத்தோம்.

கிணற்றில் தண்ணீர் அள்ளுவது யார்? அம்மா, சித்தி. எப்போது? பகலில். அத்தனை கிழமையாக அப்பா கிணற்றை அளந்தார், கோணத்தை அளந்தார், மரத்தின் ஈரத்தை அளந்தார். தூக்கப் போகிறவர்களின் கையை அவர் நினைக்கவில்லை. நாங்களும், சொல்லப்போனால் அம்மாவே, அதை ஒருநாளும் கேட்கவில்லை.

அப்பா ஒரு ஒழுங்கு சொன்னார். காலையில் தானே மூடியைக் கடப்பாரையால் நெம்பி இறக்கிக் கிணற்றுச் சுவரில் சாத்திவிட்டுப் போவார். பின்னேரம் ஒரு ஆளைப் பிடித்துத் திரும்ப ஏற்றுவார்.

"அப்ப பகலெல்லாம் திறந்துதானே கிடக்கும்?" என்றார் அம்மா.

"தண்ணி அள்ள வேணுமெல்லே?"

"அப்ப ராவைக்கு ஏன் மூடுறீங்கள்? ராவில பிள்ளை நித்திரை. ராவில கிணறு எழும்பி எங்கயும் போகப் போகுதோ?"

"மெல்லிசாச் செய்தால் உடையும் எண்டுதான் பாரமாச் செய்தனான். எல்லாத்துக்கும் குறை சொல்லிக்கொண்டிருக்காத."

அம்மா குசினிக்குள் போய்விட்டார். சித்தி சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். சேலைத் துண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூடி வந்துவிட்ட வீட்டில் பிள்ளையைக் கட்டுவதென்றால் அது அப்பாவின் முகத்தில் அடிப்பது போலல்லவா.

மூடியைச் சாத்துவதிலும் அப்பா கவனமாக இருந்தார். வழுவழுப்பாகச் சீவிய மேற்பக்கத்தில் வெயில் பட்டால் மூட்டுத் திறந்துவிடும் என்று பயம். அதனால் மேற்பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி, அடிப்பக்கம் வெளியே தெரியச் சாத்தினார். சரிந்து விழாமல் இருக்க, கால்பக்கத்தை நன்றாக வெளியே இழுத்து வைத்தார். அப்படி வைத்தால் குறுக்குச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிணற்றின் வாய் வரைக்கும் போயின. நாங்கள் எல்லாரும் அதைக் கடந்து கடந்து தண்ணீர் அள்ளினோம். அது ஏணி என்பது மூன்று வயதுக்காரன் ஒருவனுக்குத்தான் தெரிந்தது.

அது ஒரு சனிக்கிழமை காலை. அப்பா வீட்டில்தான் இருந்தார். பத்திக்குள் சீவுளி அலகைக் கல்லில் தீட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் மீன்காரர். அம்மாவும் சித்தியும் படலையடியில் நின்று கூடையைக் கிளறினார்கள். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னவன் பின் விறாந்தையில் சிரட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சூடை நேத்தையான் போல கிடக்கு," என்றார் அம்மா.

"நேத்தையானோ? அம்மா, இது இன்னும் எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுது."

சித்தி சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியமுதல் பின்பக்கம் 'டொப்' என்று கேட்டது.

"இண்டைக்கு என்னத்தைப் போட்டானோ," என்று சித்தி சொன்னார். "என்ர மற்றச் சீப்பாத்தான் இருக்கும்."

அடுத்ததாகச் சீமெந்தில் பாரமாக ஏதோ அறைந்து விழுந்த சத்தம். மூடி சறுக்கி விழுந்த சத்தம். கைதட்டும் சத்தம் வரவில்லை.

சித்தி ஓடினார். நான் சட்டியோடு ஓடினேன். கிணற்றைச் சுற்றி ஒருவரும் இல்லை. சித்தி சுவரில் வயிறு பதிய விழுந்து எட்டிப் பார்த்தார். மீன்காரர் சாரத்தை மடித்துக் கட்டியபடி எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கயித்தைப் போடுங்கோ!" என்று கத்திக்கொண்டே, உள்சுவரில் பதித்திருந்த கால்கற்களில் இறங்கினார். பாதியில் கையை விட்டுக் குதித்தார். கச்சானுக்குத் தண்ணீர் அவர் நெஞ்சு வரைக்கும்தான் நின்றது. அவர் ஒருதரம் முக்குளித்து வெறுங்கையோடு எழும்பினார். இரண்டாம் தரம் எழும்பும்போது அவர் தோளில் சின்னவனின் தலை கிடந்தது.

கயிற்றை அம்மாவும் சித்தியும் நானும் இழுத்தோம். மீன்காரர் ஒரு கையால் பிள்ளையையும் மறுகையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு கால்கற்களில் ஏறி வந்தார். அம்மா சுவருக்கு மேலாலே சின்னவனை வாங்கினார். சித்தி தளத்தில் உட்கார்ந்து அவனுடைய ஒரு பாதத்தை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா அவனைத் தன் மடியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். வாயாலும் மூக்காலும் தண்ணீர் வந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. அம்மா தட்டிக்கொண்டே இருந்தார்.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியாது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் எங்களுக்கு ஒரு முழத் தூரத்தில் குந்தியிருந்தார். கவிழ்ந்து கிடந்த மூடியின் ஒரு விளிம்பைத் தூக்கி மடியில் சாய்த்து வைத்திருந்தார். ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். விழுந்ததில் ஏதாவது திறந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

அதை நான் பார்த்தேன். பல வருடமாக அப்பா என்றால் எனக்கு அந்த விரல்தான். அவர் எனக்கு வாங்கித் தந்த சைக்கிள், காய்ச்சலுக்கு விழித்திருந்த இரவுகள் எதுவும் அந்த விரலைத் தாண்டி வந்ததில்லை. அவர் சாகும்வரை அதைப் பற்றி நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில், மகளுக்குத் தையல் போடும் அறைக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே அவள் "அம்மா, அம்மா" என்று கத்துவது கேட்டது. என் கையில் அவளுடைய செருப்பு. விழுந்ததில் அதன் வார் கழன்றிருந்தது. நான் அந்த வாரை அதன் ஓட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தேன். செருகினால் கழன்றது, திரும்பச் செருகினேன். தாதி வந்து "நீங்கதானே தாய்? உள்ள வாங்கோ, பிள்ளை கூப்பிடுது" என்று சொன்னபோது, "இந்தா, ஒரு நிமிசம்" என்றேன். ஒரு நிமிடம் என்றேன், தெரியுமா? அந்த வார் ஓட்டைக்குள் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் கைகள் நம்பின.

அதற்காக அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்தத் தகரத்தையாவது விட்டுவைத்திருக்கலாம். சித்தியின் சேலைத் துண்டையாவது விட்டுவைத்திருக்கலாம். இந்த இரண்டையும் நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் பல் நெருடுகிறது. ஆனால் அந்த விரலை நான் மட்டும் பார்க்கவில்லை. அம்மாவும் பார்த்தார். பதினொரு வயதில் நான் விளங்கிக்கொள்ளாததை அம்மா அந்தத் தளத்திலேயே விளங்கிக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மா தட்டுவதை நிறுத்தினார். "இஞ்சேருங்கோ," என்றார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. விரல் அடுத்த மூட்டுக்குப் போயிற்று. அம்மா ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் எட்டி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையை மரத்திலிருந்து எடுத்து, சின்னவனின் ஈர முதுகில் வைத்தார். மூடி அப்பாவின் மடியிலிருந்து சரிந்து சீமெந்தில் விழுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தட்டுங்கோ," என்றார் அம்மா. "மெல்ல."

அப்பா தட்டினார். மறுபடி தட்டினார். சின்னவன் ஒருதரம் உடம்பெல்லாம் குலுங்கி அப்பாவின் முழங்காலில் தண்ணீரைக் கக்கினான். பிறகு வாயைப் பிளந்து, அயல் முழுக்கக் கேட்கும்படி வீரிட்டு அழுதான்.